மாலத்தீவுக்கு ஆள் வைத்துத் திட்டமிட்டோம்: கொடுத்த கட்டணத்துக்கு என்ன கிடைத்தது?

ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரை தருகிறேன். அந்த மூன்றரையும் எங்கள் பயணத்தைக் கையாண்ட பெண்ணுக்கு. குறைத்த ஒன்றரை அவர் வேலை பார்க்கும் பயணத் திட்ட நிறுவனத்துக்கு. பெயரைப் போடப்போவதில்லை. இந்த மாதிரி சேவையில் ஆள் மாறினால் எல்லாமே மாறிவிடும். அவர் நாளைக்கே வேறு இடத்துக்குப் போய்விட்டால் நான் எழுதும் பெயரால் யாருக்கும் பிரயோஜனமில்லை. வேலை எப்படி நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் வேறு யாரிடம் போனாலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எங்கள் கூட்டணியைச் சொல்லிவிடுகிறேன். நான், கணவர், எண்பதை நெருங்கும் என் அம்மா. கணவருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் கடல் தண்ணீரிலேயே இறங்கி ஏறும் சின்ன விமானமான சீப்ளேனில் ஏறியே தீரவேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, போதாக்குறைக்குச் சுத்த சைவம். எனக்கு மான்டா திருக்கையைக் கடலுக்குள் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மூவரும் ஒரே தீவில் சந்தோஷமாக இருக்க வேண்டும்.

விமான டிக்கெட்டையும் அறையையும் நாமே போனில் போட்டுக்கொள்ளும் காலத்தில் இதற்கு எதற்கு ஒரு ஆள் என்று கேட்கலாம். மற்ற ஊர்களுக்கு நானும் யாரையும் வைத்துக்கொண்டதில்லை. மாலத்தீவின் கதை வேறு. சுமார் 1,200 தீவுகள். 1972இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் வந்த நாளிலிருந்தே அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் வழக்கம். வேறு ஊரில் ஹோட்டல் சாப்பாடு சரியில்லை என்றால் தெருமுனைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இங்கே தெருவும் கிடையாது, முனையும் கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்த தீவுதான் உங்கள் ஹோட்டல், உணவகம், கடற்கரை, மருந்துக்கடை எல்லாம். பிடிக்காவிட்டால் இன்னொரு தீவுக்கு மாறப் படகுக்கோ விமானத்துக்கோ நூற்றுக்கணக்கான டாலர் எடுத்துவைக்க வேண்டும். அதனால் முதல் தேர்வே சரியாக அமைய வேண்டும்.

இணையத்தில் பார்க்கும் படங்களை வைத்து அந்தத் தேர்வைச் செய்யவே முடியாது. எல்லாத் தீவும் ஒரே மாதிரி இருக்கும்: நீலத் தண்ணீர், மரப்பாலம், வரிசையாக வில்லாக்கள்.

இந்தப் பெண் முதல் அழைப்பில் ஒரு ரிசார்ட்டின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். "டிக்கெட் போட்டுட்டீங்களா மேடம்?" என்பதுதான் முதல் கேள்வி. இன்னும் இல்லை என்றேன். "நல்லது, நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க" என்றார்.

காரணம் இதுதான். சீப்ளேன்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். தலைநகர் மாலேயின் விமான நிலையத்தில் பிற்பகல் மூன்று, மூன்றரை மணிக்குள் இறங்கவில்லை என்றால் அன்றைக்குச் சீப்ளேன் கிடைப்பது சந்தேகம். இருட்டிய பிறகு இறங்கினால் விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலே தீவில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில்தான் போக முடியும். தீவில் அன்றைய அறை வாடகையைக் கட்டிவிட்டு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தூங்குகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்களாம். எங்களுக்குக் கட்டுப்படியான விமானம் சாயங்காலம்தான் இறங்கியது. மாலேக்கு அருகில், ஸ்பீட்போட்டில் போகக்கூடிய தீவு என்றால் கவலையில்லை, இரவிலும் படகு உண்டு. ஆனால் மான்டாவுக்காக நாங்கள் போக வேண்டியிருந்தது பா அடோல் என்ற தூரத்துத் தீவுக்கூட்டம். அங்கே தரவந்தூ என்ற தீவில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. உள்நாட்டு விமானம் இருட்டிய பிறகும் போகும். அரை மணிக்கும் குறைவான பயணம், அங்கிருந்து ரிசார்ட்டுக்குப் படகு. போகும்போது அப்படி, திரும்பும்போது பகலில் சீப்ளேன் என்று ஏற்பாடு செய்து கொடுத்தார். ரிசார்ட்டுகள் இப்படிக் கலந்து கொடுக்கச் சுலபத்தில் சம்மதிப்பதில்லை. அவர் பேசிப் பேசி வாங்கினார். ஓர் இரவு வாடகை மிச்சம், கணவரின் ஆசையும் நிறைவேறியது. கட்டணத்தில் பாதி இந்த ஓர் ஏற்பாட்டிலேயே திரும்பி வந்துவிட்டது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது கேள்வி எப்போது போகிறோம் என்பது. "மான்டா வேணுமா, வெயில் வேணுமா, ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம்: வானம் தெளிவாக இருக்கும், கடல் அமைதியாக இருக்கும், வாடகை உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் விருந்துக் கட்டணம் என்று தனியாக ஒன்றைக் கட்டாயமாகவே வசூலிப்பார்கள். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவம்: மழை வரும், காற்று வரும், வாடகை இறங்கும். ஆனால் பா அடோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மான்டாக்கள் கூட்டமாக வருவது இந்த நேரத்தில்தான். பருவக்காற்றின் நீரோட்டமும் ஓதமும் (கடல் ஏற்ற இறக்கம்) சேர்ந்து மிதவை உயிரிகளை அந்தக் குறுகிய விரிகுடாவுக்குள் தள்ளி அடைத்துவிடும். அதைத் தின்ன இவை வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும்போது வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, நாட்காட்டியைப் பார்த்துத் தேதி கொடுத்தார். செப்டம்பரில் ஓர் அமாவாசையை ஒட்டி அமைந்தது. அமாவாசை நிறைந்த நாள், தாராளமாகக் கிளம்பலாம் என்று அம்மா உடனே சம்மதித்துவிட்டாள்.

அடுத்தது அறை. கணவருக்குத் தண்ணீருக்கு மேல் நிற்கும் வாட்டர் வில்லாதான் வேண்டும். அந்தப் பெண் தயக்கமில்லாமல் வேண்டாம் என்றார். மரப்பாலம் அரைக் கிலோமீட்டர்கூட இருக்கும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் பக்கி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், அம்மாவுக்குச் சரிப்படாது. நீச்சல் தெரியாதவருக்கு அந்த வில்லாவின் ஏணி நேராக ஆழத்துக்குள் இறங்குமா, இடுப்பளவுத் தண்ணீருக்குள் இறங்குமா என்பதும் தீவுக்குத் தீவு மாறும்.

அதோடு நான் எங்கும் படித்திராத ஒரு விஷயத்தையும் சொன்னார். அங்கே கடற்கரை ஒரே இடத்தில் நிற்காது. பருவக்காற்று மாறினால் மணல் தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும். ஜனவரியில் எடுத்த படத்தில் அகலமான மணல் இருக்கும் இடத்தில், செப்டம்பரில் அலை வில்லாவின் படிவரை வந்து நிற்கலாம். தென்மேற்குப் பருவத்தில் மேற்குப் பக்கம் காற்றையும் அலையையும் வாங்கிக்கொள்ளும், கிழக்குப் பக்கத்தில் மணல் சேரும். எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்க ஆசைப்படுவதால் மேற்குப் பக்க வில்லாவுக்கு வாடகை கூடுதல். எங்களுக்குக் கிழக்குப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை பீச் வில்லா போட்டார். அதற்கு முன் அந்த வாரத்தில் போனில் எடுத்த படம் ஒன்றை ரிசார்ட்டிடம் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பினார். போய் இறங்கியபோது மணல் அப்படியேதான் இருந்தது. மேற்குப் பக்கத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு எதிரே அதிக வாடகை கொடுத்துத் தங்கியிருந்த ஒரு தம்பதியின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வாட்டர் வில்லா கிடைக்காத கோபம் கணவருக்கு அன்றோடு பாதி குறைந்தது.

லகூன் (ஆழமில்லாத கரையோரக் கடல்) உள்ள தீவா, ஹவுஸ் ரீஃப் (கரையை ஒட்டிய பவளத்திட்டு) உள்ள தீவா என்பது இன்னொரு முடிச்சு. அந்தப் படங்களில் மயக்கும் வெளிர் நீலம் என்பது ஆழம் குறைந்த மணல் தரை. குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் அதுதான் சுகம், ஆனால் மீன் இருக்காது. பவளத்திட்டு கரையை ஒட்டி இருந்தால் காலை எழுந்ததும் முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கலாம், ஆனால் நாலு அடி தள்ளி ஆழம் சட்டென்று விழும். ஒரு பக்கம் லகூனும் மறுபக்கம் நீந்திப் போகும் தூரத்தில் பவளத்திட்டும் உள்ள தீவாகப் பார்த்துக் கொடுத்தார். பவளத்தைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி நிறைய பவளம் வெளுத்துப் போனது. சாம்பல் நிறத் திட்டுகளுக்கு நடுவே புதிதாகத் துளிர்ப்பதைத்தான் பார்த்தேன். மீனுக்குக் குறைவில்லை.

சாப்பாட்டிலும் பாதி நல்ல வேலை. மாலத்தீவுச் சமையலில் மாசிக் கருவாடு எதில் இருக்கும், எதில் இருக்காது என்று வெளியாளுக்குத் தெரியாது. குழம்பு, சம்பல் என்று எதிலும் கலந்திருக்கலாம். அம்மாவுக்காக முன்கூட்டியே சமையலறைக்கு எழுதியிருந்தார். போன அன்றே தலைமைச் சமையல்காரர் மேசைக்கு வந்து, எதெதைத் தொடலாம் என்று அம்மாவிடம் காட்டினார். இதெல்லாம் அருமை. ஆனால் சாப்பாட்டுத் திட்டத்தில் ஹாஃப் போர்டு (காலையும் இரவும் மட்டும்) போதும் என்று சொன்னது தப்பான யோசனை. மதியம் யாருக்கும் பசிக்காது என்றார். கடலில் ஊறிவிட்டு வந்தால் எப்படிப் பசிக்காமல் இருக்கும்? காலையும் இரவும் தவிர மற்ற எல்லாம் தனிக் கணக்கு. இரவுச் சாப்பாட்டோடு குடிக்கும் தண்ணீர் பாட்டிலும் தனிக் கணக்கு. கூட்டிப் பார்த்தால் மூன்று வேளையும் சேர்ந்த ஃபுல் போர்டே மலிவு. நீங்கள் போனால், எந்தத் திட்டத்தில் தண்ணீர், காபி, மதியச் சாப்பாடு அடங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது என் முக்கியமான புகாருக்கு வருகிறேன்: கோட்டேஷன்.

முதலில் வந்த தாளில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை. பக்கத்தில் பொடியாக இரண்டு கூட்டல் குறி. அதற்கு அர்த்தம் 10 சதவீத சேவைக் கட்டணம், அதற்கு மேல் சுற்றுலா ஜி.எஸ்.டி. இந்த வரி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். இரண்டையும் கூட்டி 27 என்று நினைக்காதீர்கள். சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல்தான் வரி. 1,000 டாலர் என்று போட்டிருந்தால் அது 1,100 ஆகி, பிறகு 1,287 ஆகும். அப்புறம் பசுமை வரி, ரிசார்ட்டில் தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். மூன்று பேர் என்றால் தினம் 36. சீப்ளேன் போக்குவரத்துக்குப் பொதுவாக ஆளுக்கு 400, 500 டாலர் ஆகும், அதுவும் அந்தக் கொட்டை எழுத்துத் தொகையில் இல்லை. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று நான் கேட்ட பிறகுதான் முழுக் கணக்கு வந்தது. கேட்டதும் மறைக்காமல் கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்காத ஆளுக்கு? ஆயிரத்துக்கு இருநூற்று எண்பத்தேழு டாலரைப் பொடி எழுத்தில் போடுவது எந்த ஊர் நியாயம்? பணத்தை எண்ணிப் பார்க்காதவர்கள்தான் ஆடம்பரப் பயணம் போவார்கள் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போல.

ஒன்று மட்டும் குழப்பமில்லாமல் இருந்தது. விமான நிலையத்தில் வெளியேறும்போது கட்டும் இரண்டு வரிகள், சாதாரண வகுப்பில் வெளிநாட்டவருக்கு 50ம் 50மாக 100 டாலர், டிக்கெட்டிலேயே அடங்கிவிடும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். இமூகா என்ற பயணப் படிவத்துக்கான சரியான அரசு முகவரியையும் அனுப்பினார்கள். விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், காசு கிடையாது. காசு கேட்கும் போலித் தளங்கள் இருப்பதால் இது உபயோகமான உதவி. மது பாட்டிலையும் வேப் என்ற மின்சிகரெட்டையும் பெட்டியில் வைக்காதீர்கள் என்றும் ஒரு வரி இருந்தது. சுற்றுலாப் பயணி என்பதற்காக இதில் யாருக்கும் சலுகை இல்லை.

பயணம் நடக்கும்போது நிறுவனத்தின் லட்சணம் தெரிந்தது. பல ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலே நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கும், விருந்தினருக்குச் சாயங்கால வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. எங்கள் போன் காட்டியது மாலே நேரம். நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த நிரலில் விமானங்கள் மாலே நேரத்திலும், சாப்பாட்டு முன்பதிவு தீவு நேரத்திலும் இருந்தன. எது எந்த நேரம் என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் இரவே நிதானமாகக் குளித்துவிட்டுப் போய் நின்றால், எங்கள் மேசை ஒரு மணி நேரம் முன்பே வேறு யாருக்கோ போயிருந்தது.

அதைவிட மோசம் கடைசி இரவு. சீப்ளேன் எத்தனை மணிக்கு என்பது முந்தின நாள் சாயங்காலம்தான் தெரியும், அது எல்லோருக்கும் அப்படித்தான். எங்களுக்கு விடியற்காலை நேரம் வந்தது. ஊருக்குத் திரும்பும் விமானமோ இரவில். எண்பது வயது மனுஷியை நாள் முழுக்க விமான நிலையத்தில் உட்கார வைப்பதா? 24 மணி நேர உதவி எண் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே, அதற்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ரிசார்ட் வரவேற்பில் இருந்த ஓர் இளைஞர் சீப்ளேன்காரர்களிடம் பேசி முற்பகலுக்கு மாற்றிக் கொடுத்தார். உதவி எண்ணிலிருந்து மறுநாள் காலை குறுஞ்செய்தி வந்தது, எங்களால் என்ன உதவி செய்ய முடியும் என்று.

ஹனிஃபாருவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை அநியாயமாகிவிடும். யுனெஸ்கோ 2011இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதிக்குள் வருகிறது அந்த விரிகுடா. ஆக்ஸிஜன் உருளையோடு இறங்கக் கூடாது, மூச்சுக்குழாயை வாயில் வைத்து மேலாக மிதக்கும் ஸ்நார்கெல் மட்டும்தான். அனுமதிச் சீட்டு, காவலர்கள், முக்கால் மணி நேரக் கெடு. போன முதல் நாள் மழை, ஒன்றும் வரவில்லை, படகு ஆட்டத்தில் கணவர் வாந்தியெடுத்ததுதான் மிச்சம். அந்தப் பெண் முன்பே இரண்டு வெவ்வேறு நாட்களுக்குப் பதிவு செய்து, முதல் நாளே பார்த்துவிட்டால் இரண்டாவதை ரத்து செய்யலாம் என்று பேசி வைத்திருந்தார். இரண்டாவது நாள் இறங்கியதும் தண்ணீர் கலங்கலாக இருந்தது. கலங்கல் என்றால் தீனி இருக்கிறது என்று அர்த்தமாம். முதலில் ஒரு வெள்ளை வாய்தான் தெரிந்தது, அகலத் திறந்தபடி நேராக என்னை நோக்கி. மோதப்போகிறது என்று நினைத்த கணத்தில் அது குட்டிக்கரணம் போட்டு வயிற்றைக் காட்டிக்கொண்டு எனக்குக் கீழே போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் வேறொன்று. கணவர் மிதவைச் சட்டை போட்டு, வழிகாட்டி பிடித்திருந்த வளையத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு மிதந்தார். குழாய் வழியாக அவர் கத்திய கத்தல் எனக்குத் தண்ணீருக்குள்ளேயே கேட்டது.

சீப்ளேன் நாளில் ஓட்டுநர் வெறுங்காலோடு வந்து நின்றதைப் பார்த்து, "செருப்புகூடப் போடாத பிள்ளையை நம்பியா ஏறணும்?" என்றாள் அம்மா. அங்கே அது வழக்கம். முழங்கால் விஷயம் முன்பே சொல்லப்பட்டிருந்ததால் மிதவைமேடையில் இரண்டு பேர் தயாராக நின்று அவளை ஏற்றிவிட்டார்கள். ஒரு எச்சரிக்கை: பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ, அதற்கு மேல் காசு.

இந்த மாதிரி ஆளைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இவர்களுக்கு ரிசார்ட்டுகளிடமிருந்து கமிஷன் உண்டு, அதனால் எல்லாத் தீவையும் புகழ்கிறவரை நம்பாதீர்கள். எங்களுக்கு எந்தத் தீவு சரிப்படாது, ஏன் என்று கேளுங்கள். இந்தப் பெண் யோசிக்காமல் மூன்று தீவுகளைச் சொன்னார், அதில் ஒன்று நான் மனத்தில் குறித்து வைத்திருந்தது. அப்புறம், பணம் கட்டியதும் ரிசார்ட்டின் பதிவு எண்ணை வாங்கி, நீங்களே ரிசார்ட்டுக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டு, பெயரும் பணமும் அவர்களிடம் வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இடையில் இருப்பவரிடம் பணம் நின்றுபோனால் நடுக்கடலில் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மாலேக்குப் பக்கத்தில் ஸ்பீட்போட் தீவு, நீச்சல் தெரிந்த இரண்டு பேர் என்றால் இந்தச் சேவை தேவையில்லை, ரிசார்ட்டின் தளத்திலேயே பதிவு செய்துவிடலாம். வயதானவர்கள், தூரத்து அடோல், குறிப்பிட்ட பருவம் என்று சிக்கல் சேரும்போது கட்டணம் கொடுக்கலாம்.

நேரக் குழப்பம், எடுக்காத உதவி எண், பொடி எழுத்துக் கோட்டேஷன் மூன்றையும் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். அடுத்த பயணத்தின் திட்டக் கட்டணத்தில் பாதியைக் கழித்துத் தருகிறோம் என்று பதில் வந்தது. அடுத்த பயணம் இருக்கட்டும், இந்தக் கட்டணத்தில் பாதியைத் திருப்பிப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் பதிலைப் பார்த்துவிட்டு அந்த மூன்றரையை ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவு செய்கிறேன்.